பார்ப்பவர் இல்லாத இடத்தில் காலம் நீளுமா? ஈதர், சார்பியல், கடிகாரங்கள்

மே 3 – ஒரு வாசகரின் கேள்வி

“ஐன்ஸ்டைனின் சார்பியலில் எல்லாம் பார்ப்பவரைப் பொறுத்தது என்கிறார்கள். அப்படியானால் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடாதா? வெளி முழுவதும் ஈதர் என்ற ஊடகம் நிரம்பியிருக்கிறது, ஒளி அதில்தான் பரவுகிறது என்ற இயற்பியலர் லோரன்ஸின் கோட்பாட்டில் இந்தக் குழப்பமே இல்லை. ஈதரில் ஓடும் கடிகாரம் உண்மையிலேயே மெதுவாகிறது, கோல் உண்மையிலேயே சுருங்குகிறது. யாரும் பார்க்க வேண்டியதில்லை. இரண்டில் மாற்றுக் கோட்பாடுதான் நேர்மையானது என்பேன். மறுப்பு உண்டா?”

மே 3, இரவு

உண்டு. மியூவான் என்ற துகளிலிருந்து தொடங்குகிறேன். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் காற்றுமண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில், இந்தத் துகள்கள் பிறக்கின்றன. ஓய்வில் இருந்தால் அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. அந்த நேரத்தில் ஒளியே 660 மீட்டர்தான் போகும். கணக்குப்படி அநேகமாக எல்லாம் வழியிலேயே சிதைந்திருக்க வேண்டும். ஆனால் இப்போது இதை நீங்கள் படிக்கும்போதும் உங்கள் உள்ளங்கை வழியாக அவை போய்க்கொண்டிருக்கின்றன. பூமியில் கண் என்ற உறுப்பே தோன்றாத காலத்திலும் இப்படித்தான் வந்து விழுந்தன. மிக வேகமாக ஓடுவதால் அவற்றின் காலம் நீள்கிறது. சார்பியல் இதைக் கணக்கிடும்போது எந்த மனிதரையும் சாட்சிக்கு அழைப்பதில்லை.

‘பார்ப்பவர்’ என்ற சொல்தான் தொல்லை. பள்ளியில் எங்கள் ஆசிரியர் “ரயிலில் இருப்பவர் இப்படிப் பார்க்கிறார், நடைமேடையில் இருப்பவர் அப்படிப் பார்க்கிறார்” என்று சொல்வார். நான் ஒரு கண்ணையும் ஒரு ஜன்னலையும் கற்பனை செய்துகொண்டேன். அந்தக் கண்ணை மனத்திலிருந்து எடுக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. இந்த மயக்கம் மாணவர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1959இல் இயற்பியலர்கள் டெரலும் பென்ரோஸும் தனித்தனியே காட்டும்வரை, வேகமாக ஓடும் கோளம் கண்ணுக்கு நசுங்கித் தெரியும் என்றே பரவலாக நினைத்திருந்தார்கள். உண்மையில் அதன் விளிம்பு வட்டமாகவே தெரியும். சுருக்கம் அளவீட்டில் உண்டு, பார்வையில் அந்த வடிவில் இல்லை. சார்பியல் பிறந்த 1905க்கும் 1959க்கும் இடையே எத்தனை வருடங்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மே 4, காலை

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். மியூவான் லோரன்ஸுக்கும் சாதகமானதே. ஈதரில் ஓடும் துகள் மெதுவாகச் சிதைகிறது என்று அவர் தரப்பும் அதே எண்ணைத் தரும். ஆகவே மியூவான் நிரூபிப்பது ஒன்றுதான்: காலம் நீள்வதற்கு மனம் தேவையில்லை. ஈதர் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

மே 4, இரவு

அப்படியானால் சார்பியலில் பார்ப்பவர் என்பவர் யார்? அவர் ஒரு ஆளே அல்ல. வெளி முழுவதும் கடிகாரங்களை நட்டு வைத்தது போன்ற ஒரு வலை. எங்கே ஒன்று நடந்தாலும் அந்த இடத்தில் இருக்கும் கடிகாரம் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். பிறகு எல்லாக் குறிப்புகளையும் சேகரித்து ஒரே பேரேட்டில் எழுதுகிறோம். அந்தப் பேரேட்டுக்குப் பெயர்தான் குறிப்பாயம். சிக்கல் எங்கே என்றால், தூரத்தில் இருக்கும் இரண்டு கடிகாரங்கள் ஒரே நேரம் காட்டுகின்றன என்று எதை வைத்துச் சொல்வது?

இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் என் தங்கையோடு பேசிய ஒரு தொலைபேசி அழைப்பில்தான் புரிந்துகொண்டேன். அவள் இருப்பது வேறொரு கண்டம். அன்று இணைப்பு மோசம், குரல் தாமதமாக வந்தது. “இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுவோம்” என்றேன். எண்ணினோம். நான் ஆறு சொல்லும்போது அவளுடைய ஐந்து கேட்டது. “ஏன் பின்தங்குகிறாய்?” என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் குரல்: “அண்ணா, நீதான் பின்தங்குகிறாய்.”

பிறகு நான் ஒருமுறை கைதட்டினேன். அது காதில் விழுந்ததும் அவள் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. போகவர 0.8 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் போக எவ்வளவு, வர எவ்வளவு? 0.4, 0.4 ஆக இருக்கலாம். 0.2, 0.6 ஆகவும் இருக்கலாம். என் கையில் இருக்கும் ஒரு கடிகாரத்துக்குக் கூட்டுத்தொகை மட்டுமே தெரியும். பிரித்துக் கொடுக்க வேண்டுமானால் அவள் பக்கத்துக் கடிகாரம் என்னுடையதோடு ஒத்திசைந்திருக்க வேண்டும். ஒத்திசைக்க வேண்டுமானால் போகும் தாமதம் தெரிந்திருக்க வேண்டும். செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறோம்.

தொலைபேசியில் இதற்கு வழி உண்டு, அதைவிட வேகமான சைகை வேறு இருக்கிறது. ஒளிக்கு மேல் வேகமான தூதன் கிடையாது. அதனால்தான் ஐன்ஸ்டைன் 1905 கட்டுரையில் போகிற நேரமும் வருகிற நேரமும் சமம் என்பதைக் கண்டுபிடிப்பாக எழுதாமல் வரையறையாக எழுதினார். தத்துவவாதி ரைஷன்பாக் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: சரிபாதி என்பது ஒரு தெரிவு, காரணகாரிய வரிசை குலையாதவரை வேறு பின்னத்தையும் எடுக்கலாம். நான் புரிந்துகொண்ட அளவில் மாற்றுக் கோட்பாடுகளில் பெரும்பாலானவை இந்த வரியிலிருந்துதான் பிரிந்து போகின்றன.

மே 5

இப்போது லோரன்ஸ். அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் ஈதரில் பூமி ஓடுவதை அளக்க முயன்றார்கள். இரு திசைகளில் போய்வந்த ஒளிக்கற்றைகள் சேரும்போது தோன்றும் குறுக்கீட்டுப் பட்டை 0.4 பட்டையளவு நகரும் என்று எதிர்பார்த்தார்கள். கிடைத்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1889இல் ஃபிட்ஸ்ஜெரால்டும் 1892இல் லோரன்ஸும், ஈதரில் ஓடும் பொருள் சுருங்குவதால்தான் இப்படி என்று விளக்கத்தை முன்வைத்தார்கள். 1895இல் லோரன்ஸ் இடத்துக்கு இடம் மாறும் ‘இட நேரம்’ என்ற ஒன்றைச் சமன்பாட்டில் சேர்த்தார். அவருக்கு அது கணக்குக்கு உதவும் ஒரு குறியீடு. 1900இல் கணிதவியலர் புவான்கரேதான் அதற்கு உயிர் கொடுத்தார்: ஈதரில் நகர்ந்துகொண்டிருப்பவர்கள், நகர்வதை அறியாமல், ஒளிச் சைகை அனுப்பிக் கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டால் கிடைப்பது இந்த இட நேரமே.

கவனியுங்கள், அந்த இடத்தில் பார்ப்பவர் வந்துவிட்டார். லோரன்ஸின் கோட்பாட்டில் பார்ப்பவர் தேவையில்லை என்று சொல்கிறீர்கள். நான் பார்ப்பது நேர்மாறு. அங்கே எல்லோரும் பார்ப்பவர்களே, எல்லோரும் ஏமாற்றப்படுகிறார்கள். ஈதரில் அசையாமல் இருக்கும் ஒருவருடைய பேரேடு மட்டும் உண்மையானது. அவர் யார் என்று எந்தச் சோதனையாலும் காட்ட முடியாது. எதிர்பார்த்த பட்டை நகர்வைச் சுருக்கம் சரியாக அழித்துவிடுகிறது, கடிகாரத்தின் மந்தம் மிச்சத்தை அழித்துவிடுகிறது. இதில் முரண்பாடு இல்லை. ஆனால் ஒளிந்திருக்கும் அந்த ஒருவருக்காக இயற்கை இவ்வளவு கவனமாகத் தடயம் அழிக்கிறது என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அவரைப் பிடிக்க ஒரு வழி தோன்றுகிறது. ஒளியை நம்பாமல் கடிகாரத்தையே மெல்ல மெல்ல எடுத்துச் சென்றால்? நத்தை வேகத்தில் நகர்த்தினால் மந்தமாகும் விளைவு இல்லாமல் போய்விடும். அப்போது ஈதர் இருந்தால் தெரிந்துவிடும் அல்லவா?

மே 6, விடியற்காலை

மேலே எழுதிய கடைசிப் பத்தி தவறு. தூக்கம் வராமல் எழுந்து தாளில் போட்டுப் பார்த்தேன்.

பூமி ஏற்கெனவே ஈதரில் v வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் கடிகாரத்தை நான் நத்தை வேகத்தில் நகர்த்துகிறேன். மந்தமாதல் மொத்த வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே நான் கூட்டும் சிறு வேகம் தனியே நிற்காது, v உடன் பெருக்கப்பட்டு வரும். வேகத்தைப் பாதியாக்கினால் விளைவு பாதியாகும், ஆனால் பயணநேரம் இரட்டிப்பாகும். இரண்டும் ஈடாகிவிடும். எவ்வளவு மெதுவாகப் போனாலும் கடிகாரம் ஒரு குறிப்பிட்ட அளவு பின்தங்கியே தீரும். அந்த அளவு: v பெருக்கல் தூரம், வகுத்தல் ஒளிவேகத்தின் இருமடி. ஒளிச் சைகையால் ஒத்திசைத்தால் வரும் ‘பிழை’யும் துல்லியமாக இதே அளவு!

எண் வேண்டுமென்றால், v நொடிக்கு 370 கிலோமீட்டர், தூரம் 1 கிலோமீட்டர் என்று போடுங்கள். சுமார் 4 நானோ நொடி வரும். இன்றைய கடிகாரங்களுக்கு இது எளிதில் அளக்கக்கூடிய அளவு. ஆனால் ஒளியும் நத்தையும் ஒரே பொய்யை ஒரே அளவில் சொல்கின்றன. குறுக்கு விசாரணையில் இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போய்விட்டார்கள்.

விடிந்தபிறகும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 6, மாலை

இடையில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓடும் கடிகாரம் மந்தமாவதை நேரடியாகக் காட்டிய முதல் சோதனை 1938இல் ஐவ்ஸும் ஸ்டில்வெலும் ஹைட்ரஜன் அயனிக் கற்றையின் ஒளியை வைத்துச் செய்தது. சார்பியல் பாடநூல்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டும். அந்த ஐவ்ஸ் கடைசிவரை ஐன்ஸ்டைனின் விளக்கத்தை ஏற்காதவர், லோரன்ஸின் பக்கம் நின்றவர். தன் சோதனை ஈதரில் ஓடும் அணுவின் உண்மையான மந்தத்தைக் காட்டுகிறது என்றே கருதினார். மாற்றுக் கருத்துக்காரர்களைப் பித்தர்கள் என்று ஒதுக்குபவர்கள் அவருடைய அளவீட்டின் நேர்த்தியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மே 9

இன்னொரு வாசகர் கேட்கிறார்: “இரண்டு பேருக்குப் பதிலாக மூன்று பேர் தொலைபேசியில் இருந்தால்?”

அருமையான கேள்வி. நான், தங்கை, தம்பி என்று வைத்துக்கொள்வோம். நான் தட்டும் ஒலி தங்கைக்குப் போய், அவளிடமிருந்து தம்பிக்குப் போய், என்னிடம் திரும்புகிறது. பிறகு எதிர்த்திசையில் தம்பி முதலில், தங்கை அடுத்து. இரண்டு சுற்றுக்கும் ஆகும் நேரத்தை என் ஒரே கடிகாரத்தால் அளந்துவிடலாம். யாருடைய கடிகாரத்தையும் யாரோடும் ஒத்திசைக்க வேண்டாம். இரண்டும் வேறுபட்டால், போகவர உள்ள சமமின்மை அந்தச் சுற்றுக்குள் எங்கோ இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். எந்தக் கம்பியில் என்றுதான் சொல்ல முடியாது.

இதை ஒளியை வைத்து 1913இல் செய்தவர் சான்யாக். சுழலும் மேடையில் ஒளியை இருதிசையும் சுற்றவிட்டார். வேறுபாடு வந்தது. ஈதரை நிரூபித்துவிட்டதாக அவர் அறிவித்தார். சார்பியலும் அதே அளவைத் தருவதால் அந்த முடிவு நிற்கவில்லை. ஆனால் விளைவு உண்மையானது, பூமிக்கும் உண்டு. நிலநடுக்கோட்டில் கடிகாரங்களை வரிசையாக வைத்து, பக்கத்துக் கடிகாரத்தோடு ஐன்ஸ்டைன் முறையில் ஒவ்வொன்றாக ஒத்திசைத்துக்கொண்டே உலகைச் சுற்றி வந்தால், கடைசிக் கடிகாரம் முதல் கடிகாரத்தோடு 207 நானோ நொடி பிசகும். ஒளி அந்த நேரத்தில் 62 மீட்டர் போகும். வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் தவறான இடத்தைக் காட்டும். அதனால் அவை பூமியோடு சுழலாத ஒரு குறிப்பாயத்தின் நேரத்தை அடிப்படையாகக் கொள்கின்றன.

மே 10

ஐன்ஸ்டைன் ஒத்திசைவை எதிர்த்த இயற்பியலர் செலேரியின் வாதத்தைச் சொல்லாமல் நேற்றைய குறிப்பு முடியாது. என்னைப் பல நாள் ஆட்டிவைத்த வாதம் அது. முதலில் பின்னணி: 1950களின் முடிவில் டாங்கர்லினி என்ற இயற்பியலர் வேறொரு ஒத்திசைவை எடுத்தார். ஒரு குறிப்பாயத்தில் ஒரே நேரம் என்றால் எல்லாக் குறிப்பாயத்திலும் ஒரே நேரம். கடிகாரங்கள் மந்தமாகும், கோல்கள் சுருங்கும், ஆனால் ‘இப்போது’ என்பது எல்லோருக்கும் பொது. விலையாக, ஒளியின் ஒருவழி வேகம் திசைக்குத் திசை மாறும். போகவரச் சராசரி மாறாது. 1977இல் மன்சூரியும் செக்ஸலும் இரண்டு முறைகளையும் ஒரே சட்டகத்தில் வைத்துக் காட்டினார்கள்: ஒத்திசைவின் தெரிவு மட்டும் மாறினால் அளவீட்டில் எந்த வேறுபாடும் வராது.

செலேரி 1990களில் சொன்னது: சுழலும் தட்டின் விளிம்பில் ஒளி இருதிசையில் எடுக்கும் நேரங்களின் விகிதம் விளிம்பின் வேகத்தை மட்டும் பொறுத்தது. வேகத்தை மாற்றாமல் ஆரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். விளிம்பு நேர்கோட்டை நெருங்கும், முடுக்கம் மறையும், விகிதம் மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே நேர்கோட்டில் ஓடுபவருக்கும் ஒளி திசைக்கு ஒரு வேகத்தில்தான் போக வேண்டும்.

இதற்கு என்ன பதில் என்று பல மாதங்கள் தடுமாறினேன். என்னை வெளியே எடுத்தது தேதிக்கோடு. உலகைச் சுற்றும்போது ஒவ்வொரு மண்டலத்துக்கும் மணி நேரத்தை மாற்றிக்கொண்டே போகிறோம், எந்த இடத்திலும் குளறுபடி தெரிவதில்லை. சேர்த்துவைத்த ஒரு நாள் மொத்தமாக ஒரு கோட்டில் வந்து விழுகிறது. தட்டின் விளிம்பும் அப்படித்தான். ஒவ்வொரு துண்டிலும் ஐன்ஸ்டைன் முறையைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், பிசகு முழுவதும் சுற்றின் இரு முனைகளும் சேரும் தையலில் வந்து சேரும். செலேரியின் விகிதம் முழுச் சுற்றின் சொத்து. ஒரு துண்டை வெட்டி எடுத்தால் அது கூடவே வராது.

இந்த இடத்தில் என் கருத்தும் கெட்டியானது. மூடிய சுற்றில் ஒரு கடிகாரம் சொல்வதை யாரும் மறுக்க முடியாது. திறந்த பாதையில் இரண்டு கடிகாரங்கள் சொல்வதில் பார்ப்பவரின் தெரிவு கலந்திருக்கிறது.

மே 11

சுருக்கமாக ஒன்று. இரண்டு விண்கலங்கள், நடுவே இழுத்துக் கட்டிய நூல். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி முடுக்குகின்றன. ‘ஒரே நேரம்’ என்பது தரையில் நிற்பவரின் கணக்கு. நூல் அறுமா? அறும். 1959இல் டீவனும் பெரனும் எழுதிய புதிர் இது. இயற்பியலர் ஜான் பெல் இதைச் செர்ன் ஆய்வகத்தில் கேட்டபோது பெரும்பாலோர் முதலில் அறாது என்றே சொன்னதாக 1976இல் எழுதியிருக்கிறார். லோரன்ஸ் வழியில் யோசித்தால் சட்டென்று விடை வரும்: நூல் சுருங்க விரும்புகிறது, கலங்கள் விடவில்லை. அதனால் அந்த வழியையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது பெல்லின் வாதம். நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஈதரை நம்பாமலே ஈதர்க்காரர் போல் கணக்குப் போடலாம். நூல் அறுந்தது என்பதில் எந்தக் குறிப்பாயத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை, ஏன் அறுந்தது என்ற கதையில்தான் வேறுபாடு.

மே 14

ஒரு வாசகர்: “370 கிலோமீட்டர் என்று நீங்களே எழுதிவிட்டீர்களே! பேரண்டத்தின் தொடக்கத்திலிருந்து எஞ்சி நிற்கும் கதிர்வீச்சான அண்ட நுண்ணலைப் பின்னணிக்கு எதிராகச் சூரிய மண்டலம் ஓடும் வேகம் அது. ஈதரின் ஓய்வு நிலை கிடைத்துவிட்டது அல்லவா?”

இல்லை. அந்தக் கதிர்வீச்சு வானத்தின் ஒரு பக்கம் சற்றுச் சூடாகவும் எதிர்ப்பக்கம் சற்றுக் குளிராகவும் தெரிவதால் வேகத்தைக் கணிக்கிறோம். வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் அது வெளியே எட்டிப் பார்த்துக் கிடைத்த வேகம். ஜன்னலைத் திறந்து மரங்களைப் பார்த்து ரயிலின் வேகத்தைச் சொல்வதுபோல. ஜன்னலை மூடிவிட்டு, பெட்டிக்குள்ளேயே அந்த 370ஐக் கண்டுபிடிக்க வேண்டும். லோரன்ஸின் ஈதர் அதற்கு வழி தரவில்லை என்பதை மே 6இல் நத்தையோடு பார்த்தோம்.

பேரண்டத்தில் உள்ள பொருள் ஒரு குறிப்பாயத்தை விரும்பலாம். விதிகள் விரும்புகின்றனவா என்பது தனிக் கேள்வி.

மே 20

அந்தத் தனிக் கேள்வியைத் துணிந்து கேட்ட கோட்பாடுகளும் உண்டு, அவற்றை விட்டுவிட்டேன். 2001இல் ஜேகப்சனும் மாட்டிங்லியும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு ஓய்வுத் திசையை வரையறுக்கும் புலத்தை ஈர்ப்புக் கோட்பாட்டில் சேர்த்தார்கள். ‘ஐன்ஸ்டைன்–ஈதர்’ என்றே பெயர். இந்த ஈதர் ஒளிந்துகொள்ளாது, ஈர்ப்பலையின் வேகத்தையே மாற்றக்கூடியது. எனவே மாட்டிக்கொள்ளவும் கூடியது. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் சைகை பூமிக்கு வந்தது. சுமார் 13 கோடி ஒளியாண்டுப் பயணத்துக்குப் பிறகு ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 1.7 நொடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. அந்தக் கோட்பாட்டின் தாராளமான பகுதி ஒன்று ஒரே நாளில் அடைபட்டது. முற்றிலும் இறக்கவில்லை, இடம் மிகவும் குறுகிவிட்டது. இப்படித் தலையைக் கொடுக்கத் தயாராக இருக்கும் மாற்றுக் கோட்பாட்டைத்தான் நான் மதிக்கிறேன்.

இன்னொரு திசை இயற்பியலர் அமெலினோ-கமெலியா 2000 வாக்கில் தொடங்கியது. ஒளிவேகத்தோடு பிளாங்க் அளவு என்ற மிகச்சிறு நீளமும் எல்லாப் பார்ப்பவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது. இதில் வேகம் ஆற்றலைப் பொறுத்து மாறலாம். 2009இல் பதிவான ஒரு காமாக் கதிர் வெடிப்பில், 700 கோடி ஆண்டுக்கு மேல் பயணித்த 31 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஒளித்துகள் ஒன்று, வெடிப்பு தொடங்கிய 1 நொடிக்குள் வந்துவிட்டது. எளிமையான வடிவங்களுக்கு அது பெரிய நெருக்கடி.

இந்த வழியில் போனவர்களுக்கு 2011இல் கிடைத்த விளைவுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது: ‘சார்பு இடத்துவம்’. பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு துகள்கள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. மிகத் தொலைவில் இருப்பவரின் பேரேட்டில் அவை சற்றுத் தள்ளித் தள்ளி நிற்கின்றன. இதுவரை நான் பிடித்துக்கொண்டிருந்த கொழுகொம்பு ‘இரண்டு பொருள்கள் ஓரிடத்தில் சந்தித்தன’ என்பதே. ஐன்ஸ்டைன், லோரன்ஸ், டாங்கர்லினி எல்லோரும் கைவைக்காத இடம் அது. இங்கே அதுவும் தொலைவில் இருப்பவருக்கு ஆட்டம் காண்கிறது. அந்தக் கோட்பாட்டினர் தரும் பதில், சந்திப்பு நடந்த இடத்துக்குப் போய் நின்றால் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்பது. கணக்கில் ஓட்டை எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் மனம் சமாதானமாகவில்லை.

மே 27

முதல் கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: “நேர்மை என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பார்ப்பவரை நீக்கிவிட்டுச் சார்பியலை எழுத முடியுமா என்ற கேள்வி நிற்கிறது.”

முடியும். 1908இல் மின்கோவ்ஸ்கி அதைத் தொடங்கிவைத்தார். கடிகாரம் தன் பாதையில் அளப்பது, ஒளி எந்தப் புள்ளிகளை இணைக்கிறது, எது எதைச் சந்திக்கிறது, இவற்றை மட்டும் வைத்து முழுக் கோட்பாட்டையும் எழுதிவிடலாம்.

நேற்று தங்கை அழைத்தாள். இணைப்பு மறுபடியும் மோசம். மீண்டும் எண்ணினோம். இந்த முறை யார் பின்தங்கியது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. தான் ஒரு எண்ணைச் சொல்லும் நொடியில் மற்றவரின் எந்த எண் காதில் விழுந்தது என்று ஆளுக்கொரு தாளில் குறித்தோம். என் தாளில்: நான் ஆறு, அவளுடைய ஐந்து. அவள் தாளில்: அவள் ஆறு, என்னுடைய ஐந்து. பிறகு தாள்களைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டோம். அவள் எழுதியதில் நான் மறுக்க ஒரு வரியும் இல்லை, நான் எழுதியதில் அவளுக்கும் இல்லை.